மணி அடிக்குதா பாரு!

"ஒரு போன் வாங்கணும் சாமி. பேசுனா கேக்கணும். மணி அடிச்சா தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்பா இப்படிச் சொன்னபோது அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். கடைசியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாவட்டம், மூன்று கடை, நாலு தட்டுவடை செட், நடுரோட்டில் ஒரு வாக்குவாதம்... இவ்வளவும் ஆயிற்று.

அப்பாவைப் பற்றி இரண்டு வரி. 31 வருடம் லாரி. கிளீனராக ஏறி, டிரைவராகி, பைனான்ஸில் ஒரு பழைய வண்டி வாங்கி, கடனை அடைத்து, வண்டியை விற்று, இப்போது ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு எருமைக்கு முதலாளி. அவருடைய பழைய போன் மாட்டுத் தண்ணித் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. சிம் மட்டும் பிழைத்தது. எப்படி விழுந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எதை வாங்கினாலும் ஒரு பரீட்சை உண்டு. முட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். மல்கோவா மாம்பழத்தைக் காம்புப் பக்கம் மோந்து பார்ப்போம். செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு எடுத்தால் ஒரு குலுக்கு. லாரி டயர் என்றால் ஸ்பேனரால் ஒரு தட்டு... காற்று இருக்கிறதா இல்லையா என்று சத்தமே சொல்லிவிடும்.

சரி, செல்போனுக்கு என்ன பரீட்சை? அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

★

முதல் கடை நாமக்கல்லில். மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பாதி ரீசார்ஜ், பாதி ஜெராக்ஸ், மீதி செல்போன் என்று (கணக்கு உதைக்கிறதா? கடை அப்படித்தான் இருந்தது!) ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும். நாமக்கல்லில் லாரிக்காரரைத் தெரியாதவர்கள் வேறு ஊர்க்காரர்களாகத்தான் இருக்கவேண்டும்.

"பட்டன் போனுங்களா? இருந்துச்சுங்க. நேத்து திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருத்தர் வந்தாரு. போர் போடப் போற பசங்களுக்குன்னு இருந்த பத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாருங்க."

நியாயம்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிற இடத்தில் சேறும் தூசியும் பறக்கும். அங்கே கண்ணாடி போன் எத்தனை நாள் தாங்கும்? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் பூமியைத் துளைக்கின்றன. அந்தப் பையன்கள் வீட்டுக்குப் பேசுவதற்குச் சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டுப் பேசுகிற போன்தான் வேண்டும்.

"எந்த சிம்முங்க போடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

எனக்கு அது எதற்கு என்று புரியவில்லை. அவரே சொன்னார். "ஜியோ சிம்மா இருந்தா பழைய 2ஜி பட்டன் போன்ல எடுக்காதுங்க. 4ஜி பட்டன் போனா கேட்டு வாங்குங்க. தெரியாம வாங்கிட்டு வந்து எங்கிட்டச் சண்டைக்கு நிக்கறாங்க."

விற்க ஒரு போன்கூட இல்லாத கடையில், அன்றைக்கு முதல் உருப்படியான தகவல் கிடைத்தது. "சேலம் போயிருங்க. ஆடி மாசம், தள்ளுபடி போட்டிருப்பான்" என்று வழியையும் சொல்லி அனுப்பினார்.

சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் பிரிந்தது 1997 ஜனவரி 1-ம் தேதி. கலெக்டர் ஆபீஸ் பிரிந்தது. கோர்ட் பிரிந்தது. ஆனால் சாமான் வாங்குகிற விஷயத்தில் மட்டும் இன்னும் பிரியவில்லை. கல்யாணப் பட்டா, கொலுசா, செல்போனா... "சேலத்துக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றுதான் எங்கள் ஜனம் பஸ் ஏறும்.

★

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போவது அப்பாவோடு என்றால் தனி அனுபவம். அவர் பயணி இல்லை. டிக்கெட் வாங்கின டிரைவர். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மூன்று தடவை வலது காலால் தரையை அழுத்திப் பிரேக் போட்டார். ஆண்டகளூர் கேட் வரும்போது, "இவன் கிளட்சுல கால வெச்சே ஓட்றான்" என்று டிரைவர் காதில் விழுகிற மாதிரி சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேச்சை மாற்ற, போன் கதைக்கு இழுத்தேன்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் கூப்பிட்டால் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும். வேடிக்கை என்னவென்றால், வந்த போனை எடுத்தாலும் காசு! கூப்பிட்டவனும் அழவேண்டும், எடுத்தவனும் அழவேண்டும். "யாராவது கூப்பிட்டுத் தொலைக்கப் போறான்" என்று போனை வைத்திருந்தவர்களே பயந்த காலம்.

1999-ல் ஏர்செல் தமிழ்நாட்டில் கடை விரித்தது. 2003 மே மாதத்திலிருந்து வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று ஆனது. அதே வருடம் ஜூலையில் ரிலையன்ஸ், "501 ரூபாய் கட்டு, போனை எடுத்துட்டுப் போ" என்றது. இளநீர்க்காரர் இடுப்பிலும் கொத்தனார் சட்டைப் பையிலும் போன் ஏறியது அதற்குப் பிறகுதான்.

"எம்பட போன் டார்ச்சு வெச்சது" என்றார் அப்பா, பெருமையாக.

நோக்கியா 1100. 2003-ல் வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன். பெரிய பெரிய எஞ்சினியர்கள் அதைப்பற்றி என்னென்னவோ சொல்வார்கள். அப்பா சொல்கிற காரணம் ஒன்றுதான். நடுராத்திரியில் வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கும்போது, வாயில் கடித்துப் பிடித்துக்கொள்ள வாகான டார்ச். அதில் பேசவும் முடியும் என்பது ஓர் இலவச இணைப்பு!

லாரிக்காரர்கள் மிஸ்டு காலை ஒரு பாஷையாகவே வளர்த்திருந்தார்கள். ஒரு மணி அடித்து நின்றால், 'வந்து சேர்ந்துவிட்டேன்'. இரண்டு அடித்தால், 'சரக்கு இறக்கியாச்சு'. மூன்று அடித்தால், 'கையில் காசில்லை, நீயே கூப்பிடு'. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போய்விட்டால் ரோமிங். அங்கே எடுத்தாலும் காசு என்பதால் மணி மட்டும்தான் பேசும், மனிதன் பேசமாட்டான். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் ஒரே ஒரு மணி அடித்து நிற்கும். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு விளக்கை அணைப்பாள். அந்த ஒரு மணியின் விலை பூஜ்யம். மதிப்பு எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நோக்கியாவுக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை வந்தது. 2006-ல் ஓடத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடினார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் டவர்கள் ஓய்ந்து, ஜனங்கள் நம்பரைக் காப்பாற்ற அலைந்தார்கள். 2011 ஜனவரியிலேயே நாடு முழுக்க 'நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம்' என்ற வசதி வந்துவிட்டதால், அப்பா முன்கூட்டியே மாறித் தப்பித்திருந்தார். வண்டிக்குப் பின்னால் பெயிண்டில் எழுதிய நம்பர் ஆயிற்றே! கொச்சியிலிருந்து கொல்கத்தா வரைக்கும் புக்கிங் ஆபீஸ்களில் அந்தப் பத்து இலக்கம்தான் அப்பாவுடைய பேர்.

மல்லூர் தாண்டி சீலநாயக்கன்பட்டி வந்ததும் அப்பா தரையிலிருந்து காலை எடுத்தார். "சேலம் வந்துருச்சு. இனி அவனே ஓட்டிக்குவான்."

★

இரண்டாவது கடை, ஐந்து ரோடு பக்கம். கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஷோரூம்! வாசலில் வாழைமரம், பலூன், ஆடித் தள்ளுபடி போர்டு. உள்ளே போனால் ஏசி ஏற்காடு மாதிரி குளிர்ந்தது. அப்பா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். நான் திரும்ப மாட்டிவிட்டு அழைத்துப் போனேன்.

உள்ளே நாலு கலரில் டி-ஷர்ட் போட்ட பையன்கள். எல்லோரும் கடை ஆட்கள் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இந்தக் கடைகளில் ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு போன் கம்பெனி நிறுத்தி வைத்த ஆள். நீலச் சட்டைப் பையனிடம் போய் "எது நல்ல போன்?" என்று கேட்டால், பச்சைக் கம்பெனிப் போனை அவன் வாயால் சொல்லுவானா? மாமியாரிடம் போய் மருமகளைப் பற்றி விசாரிக்கிற கதைதான்.

நீலச் சட்டை எங்களைப் பிடித்தது.

"வாங்க சார்! வாங்க ஐயா! என்ன பட்ஜெட் பாக்கறீங்க?"

"மணி அடிச்சாக் கேக்கணும்" என்றார் அப்பா.

"சூப்பர் ஐயா. இதுல 50 மெகாபிக்சல் கேமரா..."

"சத்தமா அடிக்குமா?"

"செல்பி தனியா 32 மெகாபிக்சல். 128 ஜிபி. ஐயா, முகத்தைக் காட்டுனாப் போதும், தானா திறக்கும்!"

"எம்மூஞ்சியப் பாத்தா எருமையே திரும்பிக்குது. இது திறக்குமா?"

பையன் சிரித்துவிட்டான். பாவம், நல்ல பையன். ஆத்தூர்ப் பக்கமாம், பி.எஸ்சி. படித்திருக்கிறான். மாதத்துக்கு இத்தனை போன் தள்ளவேண்டும் என்று அவன் தலைக்கு மேல் கத்தி. பத்து மணியிலிருந்து ராத்திரி கடை மூடுகிற வரை நின்றபடியே பேசவேண்டும். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை.

அப்பா தொடுதிரையைத் தொட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. மறுபடி தொட்டார். ஊஹூம். ஸ்டியரிங்கும் ஸ்பேனரும் தேய்த்த விரல். ரேகையே பாதிதான் மிச்சம். ரேஷன் கடை மிஷினே அவரை யாரென்று கேட்கும். போன் கேட்காதா?

ஆனால் எனக்கோ ஆசை. அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் தினமும் வீடியோவில் பார்த்துப் பேசலாமே! (நிஜத்தைச் சொன்னால், மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிற வேலை மிச்சம்!) விலை 20,000 ரூபாய். யோசித்தேன். பையன் என் முகத்தைப் படித்துவிட்டான்.

"சார், கையில இருந்து எதுக்கு சார் குடுக்கறீங்க? ஜீரோ பர்சென்ட் வட்டி. எட்டு மாசம், மாசம் 2,500. டீ காசு சார்!"

அடுத்த நிமிடம் நான் பைனான்ஸ் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆதார் கேட்டார்கள், கொடுத்தேன். பான் கார்டு, கொடுத்தேன். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். பேங்க் கணக்கிலிருந்து மாதாமாதம் அவர்களே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு ஓ.டி.பி. வந்தது. அந்த ஆறு இலக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது, பின்னாலிருந்து அப்பா குரல்.

"ஏந்தம்பி... ரொக்கமாக் குடுத்தா என்ன வெலை?"

பையன் தயங்கினான். "ரொக்கம்னா ஆடி டிஸ்கவுன்ட் 1,500 போகும் ஐயா. 18,500."

"தவணைன்னா அந்தத் தள்ளுபடி உண்டா?"

"அது... கெடையாது ஐயா."

"வேற செலவு?"

"பிராசசிங் பீஸ் மட்டும் 590. அது எல்லாருக்கும் உண்டு ஐயா."

அப்பா விட்டத்தைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. 31 வருடத்தில் பைனான்ஸ் ஆபீஸ் வாசலை மிதித்து மிதித்து வந்த கணக்கு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"18,500 ரூவா சாமானுக்கு 20,590 கட்றோம். 2,090 வட்டி. மாசா மாசம் மொதல் கொறஞ்சுட்டே வருது. சராசரியாப் பாத்தா பத்தாயிரத்துச் சில்லறை பணம்தான் எட்டு மாசம் நம்ம கையில நிக்குது. மாசத்துக்கு 260 வட்டி. நூத்துக்கு ரெண்டரை ரூவா வட்டி தம்பி. எம்பட லாரிக்கே நான் ரெண்டு வட்டிதான் குடுத்தேன்!"

பைனான்ஸ் மேஜையில் அமைதி. ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மாதம் 2.5 சதவீதம், வருடத்துக்கு 30 சதவீதம். அப்பா சொன்னதில் பைசா பிசகவில்லை. கிரெடிட் கார்டுத் தவணை விஷயத்தில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் இதைச் சொல்லியிருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது, வட்டி வேறு பேரில் ஒளிந்திருக்கும் என்பதுதான் சாரம். ரிசர்வ் வங்கிக்கு ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டது. ராசிபுரத்துக் கிழவருக்கு விட்டம் போதும்!

தவணையே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றாகவே இருந்து, வேறு கட்டணமும் இல்லையென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் "ரொக்கம்னா என்ன விலை?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். தவணை நாளில் கணக்கில் பணமில்லை என்றால் அபராதம் தனி. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது சிபில் மார்க்கில் அந்தப் போன் வந்து சாட்சி சொல்லும்.

கிளம்பும்போது அப்பா விடவில்லை. "தம்பி, இந்தப் போனுக்கு ஒரு மணி அடிச்சுக் காட்டு."

"டெமோ பீஸ்ல சிம் இல்ல ஐயா. ரிங்டோன் வேணா போடறேன்."

போட்டான். வீணையும் புல்லாங்குழலும் சேர்ந்த மாதிரி ஏதோ ஒன்று, மெல்லிசாக, குழந்தையைத் தூங்க வைக்கிற தினுசில் வந்தது.

"இங்க கேக்குது. ரோட்டுல கேக்குமா?" என்றார் அப்பா.

அதற்கு நீலச் சட்டையில் பதிலில்லை.

★

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். கடைப் பையன் முன்னால் மானம் போன கோபம்.

"என்னப்பா நீங்க? காலைல இருந்து மணி, மணின்னு! யாரு இந்தக் காலத்துல மணிய கேட்டுப் போன் வாங்குறாங்க?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. ஐந்து ரோடு மேம்பால நிழலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"87-ல உங்கப்பாயி செத்தா. தெரியுமில்ல?"

அப்பாயி என்றால் அப்பாவைப் பெற்ற அம்மா. கதை எனக்குத் தெரியும். ஆனால் அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா வாயால் அதுவரை கேட்டதில்லை.

"ஜவ்வரிசி லோடு. நாக்பூர்ல பாதி எறக்கி, மீதி இந்தூர். ஊர்ல இருந்து நாக்பூர் புக்கிங் ஆபீசுக்குத் தந்தி குடுத்தாங்க. தந்தி வர்றப்ப நான் அங்கிருந்து கெளம்பி அரை நாள் ஆச்சு. இந்தூருக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னாங்க. அங்க சொல்ல வேண்டியவன் சாப்பிடப் போயிட்டான். சேதி எங்கைக்கு வந்து, வண்டிய ஒருத்தங்கிட்ட விட்டுட்டு, ரயிலேறி வந்து சேந்தா... அஞ்சாம் நாள். மூத்த புள்ள நான். கொள்ளி வெச்சது சித்தப்பன்."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்தார்.

"அப்பறம் டெலிபோனு வந்துச்சு, எஸ்.டி.டி. பூத்து வந்துச்சு, செல்லு வந்துச்சு. இனி எவனுக்கும் அந்த நெலம வராதுன்னு நெனச்சேன்."

கொஞ்சம் நிறுத்தி, என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் என் போன். 32,000 ரூபாய்.

"போன மாசம் உங்கம்மா தொட்டிகிட்ட வழுக்கி உழுந்தாளே... அன்னிக்கு உன்ன நாலு தடவ கூப்பிட்டேன் சாமி."

கூப்பிட்டார். நான் ஆபீஸில் இருந்தேன். போன் சைலன்டில் இருந்தது. ஆபீஸ் மட்டுமில்லை, வீட்டிலும், பஸ்ஸிலும், தூங்கும்போதும் அது சைலன்டில்தான் இருக்கும். லோன் வேணுமா, கார்டு வேணுமா என்கிற தொல்லை தாங்காமல் ஒரு நாள் வாயைக் கட்டினேன். பிறகு அவிழ்க்கவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றாள் அந்த அம்மணி. அம்மாவைத் தூக்குகிற அவசரத்தில் அப்பாவின் போன் தொட்டிக்குள் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், மணிக்கட்டில் கட்டுப் போட்டு, வீட்டுக்கும் வந்துவிட்ட பிறகுதான் எனக்குச் சேதி வந்தது.

87-ல் இந்தூரிலிருந்து அஞ்சு நாள். இன்றைக்குச் சேலத்திலிருந்து அரை நாள். நடுவில் இத்தனை டவர், இத்தனை ஜிபி!

"எம்போன் அடிச்சா நான் எடுத்துருவேன். அதுக்குத்தான் மணி கேக்கறேன்" என்றார் அப்பா. என் போனைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

★

மூன்றாவது கடை, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். பஸ் ஸ்டாண்டையே இடித்து ஈரடுக்காகக் கட்டிவிட்டார்கள். சுற்றியுள்ள சந்துகள் மட்டும் பழையபடிதான். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். வேப்பிலை, சாம்பிராணி, பொரி, பலூன், கூட்டம்.

எட்டடிக்கு ஆறடி கடை. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒருவர் போனுக்கு அறுவை சிகிச்சை நடத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே, "சொல்லுங்ணா" என்றார்.

"மணி அடிச்சாக் கேக்கணும்" என்றார் அப்பா. அன்றைக்கு எத்தனையாவது தடவையோ!

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியை எடுத்தார். "கேக்கற காது யாருதுங்ணா, உங்களுதா? எத்தன வருசம் லாரி?"

அசந்துவிட்டோம். எஞ்சின் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தமாக இருக்கும், தலையைச் சாய்த்துக் கேட்பார்கள் என்று அவரே விளக்கினார். எத்தனை டிரைவர்களைப் பார்த்திருக்கிறாரோ! அன்றைக்கு மூன்று கடையில், போனைப் பற்றிச் சொல்லாமல் வாங்குகிறவரைப் பற்றிக் கேட்ட ஒரே கடைக்காரர்.

கீழ்த் தட்டிலிருந்து மூன்று பட்டன் போன் எடுத்து வைத்தார். மூன்றும் 4ஜி. அப்பா சிம்மை ஒன்றில் போட்டார். "கூட்டத்துக்குள்ள போய் நில்லுங்ணா. பையன் கூப்பிடட்டும்."

செவ்வாப்பேட்டைக் கொலுசுக்குக் குலுக்கல். செல்போனுக்கு இதுதான் பரீட்சை!

அப்பா சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் நின்றார். நான் கூப்பிட்டேன். அசையவில்லை. பெயில். இரண்டாவது போன். கையைக் காதில் வைத்து யோசித்தார். சந்தேகம். மூன்றாவது போனில் மணி அடித்தபோது, அப்பாவுக்குப் பக்கத்தில் பொரி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாகப் போனை எடுத்தார். பதினைந்தடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே,

"அலோ! யாருங்க பேசறது?"

"நாந்தாம்ப்பா."

"கேக்குது சாமி. நல்லாக் கேக்குது."

ஏனோ எனக்கு உடனே போனை வைக்க மனம் வரவில்லை.

கடைக்காரர் ஒழுங்காகப் பில் போட்டார். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துத்தான் விலை. 'பில் வேண்டாம்னா கம்மி' என்ற பேச்சே இல்லை. *#06# அழுத்தச் சொன்னார். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வந்தது. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு நம்பர் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த நம்பர்... இப்படி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்தப் போனின் ஜாதகம் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பணத்தை நீட்டவே கூடாது. போன் காணாமல் போனாலும் அதே நம்பர்தான் துணை. 2023-ல் வந்த சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் பதிந்து போனையே முடக்கிவிடலாம். அதற்காகவாவது பில்லை பத்திரமாக வையுங்கள். அப்பா பில்லை நாலாக மடித்து, டிரைவிங் லைசென்ஸ் இருந்த அதே பிளாஸ்டிக் கவரில் வைத்தார்.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், சட்னி. சேலம் வந்து இதைச் சாப்பிடாமல் போகிறவன் மனிதனே இல்லை என்பது அப்பா கட்சி. ஆளுக்கு இரண்டு. மிச்சம் பிடித்த 'ரெண்டரை வட்டி'யில் என் செலவு.

★

அன்றைக்கு ராத்திரி என் போனை எடுத்து, ரொம்ப நாள் கழித்து அதன் வாய்க்கட்டை அவிழ்த்தேன். எல்லாருக்கும் இல்லை. அப்பா நம்பருக்கும் பக்கத்து வீட்டு நம்பருக்கும் மட்டும், சைலன்டில் இருந்தாலும் மணி அடிக்கிற மாதிரி ஒரு வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. 32,000 ரூபாய் போனில் எனக்குத் தெரியாமல் கிடந்த மிக உபயோகமான வசதி அதுதான். உங்கள் போனிலும் இருக்கும். தேடிப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணி. ஆபீஸில் மீட்டிங். மேனேஜர் எங்கள் குறைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். ஊசி விழுந்தால் கேட்கிற நிசப்தம். அப்போது என் சட்டைப் பையிலிருந்து பழைய டெலிபோன் மணி மாதிரி... டிரிங்ங்... டிரிங்ங்...!

எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் முறைத்த முறைப்பில் அடுத்த இன்கிரிமென்ட் ஆவியாகிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். 'அப்பா' என்றது திரை. அம்மாவுக்கு மறுபடி ஏதாவதா? நெஞ்சு அடித்துக்கொள்ள, எழுந்து வராந்தாவுக்கு ஓடி எடுத்தேன்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சாமி" என்றார் அப்பா. பின்னால் எருமை கத்துவதும், "எடுத்துட்டானா?" என்று அம்மா கேட்பதும் கேட்டது.

"உம்போன்ல மணி அடிக்குதான்னு பாத்தேன்."